பிஸ்டனை அளந்த பிறகே சிலிண்டர் போரைக் கடையுங்கள்

இறைப்பு மெசின் நீலப் புகை விடுகிறது, ஒயில் குறைந்துகொண்டே போகிறது, வாய்க்காலில் தண்ணீர் முன்னைய வேகத்தில் ஓடவில்லை. வால்வின் தண்டு ஓடும் குழாயான வால்வு கைட் தேய்ந்தாலும் நீலப் புகை வரும் என்பதால் முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது சரியாக இருந்தால் குறை பெரும்பாலும் சிலிண்டர் போரில், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் உருளைத் துளையில்தான் இருக்கும்.

யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் போர் தேய்வதற்கு முதல் காரணம் தூசி. மண்ணிலுள்ள நுண்ணிய மணல் துகள் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. எயார் ஃபில்டரைத் தாண்டி உள்ளே போனால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குக்கும் போரின் சுவரான ஸ்லீவுக்கும் நடுவே நின்று இரண்டையும் அராவும். அடுத்த காரணம் மண்ணெண்ணெய். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டு மோட்டார் சைக்கிள்களும் கார்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாகாது. எரியாமல் எஞ்சும் துளிகள் சிலிண்டர் சுவரில் படிந்திருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, அங்குள்ள ஒயிலையும் நீர்க்கச் செய்யும். இன்றும் மண்ணெண்ணெயில் ஓடும் பம்புகளை நிறுத்துவதற்கு முன் சில நிமிடம் பெற்றோலில் ஓடவிடுவது இதனாலும்தான்.

வாயுவை அடைப்பது பிஸ்டன் அல்ல, ரிங். எரியும் வாயு ரிங்கின் பின்புறக் காடிக்குள் புகுந்து, அதைச் சுவரோடு வெளிநோக்கித் தள்ளுகிறது. பிஸ்டனின் வேலை ரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் போய்வருவது. பிஸ்டனுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி கூடினால் பிஸ்டன் சரிந்து ஆடும், ரிங்கின் முகம் சுவரில் முழுதாகப் படியாது, ஒயில் மேலே ஏறும். இடைவெளி குறைந்தால் விளைவு இன்னும் மோசம். சூட்டில் பிஸ்டன் பருத்து ஒயில் படலத்தை நசுக்கிவிடும். அலுமினியம் இரும்பில் அப்பிக்கொள்ளும், இயந்திரம் இறுகி நின்றுவிடும்.

எவ்வளவு பருக்கும் என்று கணக்கிடலாம். சிறிய பெற்றோல் இயந்திரமான ஹொண்டா ஜிஎக்ஸ் 160இன் போர் 68 மில்லிமீற்றர். பிஸ்டன் அலுமினியக் கலவை, 100 பாகை சூடேறினால் விட்டம் ஏறத்தாழ 0.136 மி.மீ. கூடும். வார்ப்பிரும்பு அதே சூட்டில் 0.075 மி.மீ. மட்டுமே விரியும். வித்தியாசம் 0.06 மி.மீ., ஒரு தலைமயிரின் தடிப்பு. ஆனால் இந்த இயந்திரத்துக்குரிய குளிர்நிலை இடைவெளி 0.015 முதல் 0.050 மி.மீ. வரைதான். அப்படியென்றால் ஏன் இறுகுவதில்லை? பிஸ்டனின் கீழ்ப்பாகம் முட்டை வடிவில் கடையப்பட்டிருக்கிறது, சற்று வளைந்தும் கொடுக்கும். ஸ்லீவும் தனியாக நிற்பதில்லை, தன்னைவிட அதிகம் விரியும் அலுமினிய உறைக்குள் வார்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை அந்தப் பிஸ்டனைச் செய்தவர் தரும் அளவிலிருந்துதான் எடுக்க வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

பிஸ்டனின் தலைப்பக்கம் அதிகம் சூடாகும் என்பதால் அதைச் சிறிதாகவே செய்வார்கள். அங்கே மைக்ரோமீற்றரை வைத்தால் தவறான அளவுதான் கிடைக்கும். பிஸ்டனின் குறுக்கே போகும் பிஸ்டன் பின்னுக்கு (pin) செங்குத்தான திசையில், பாவாடை எனப்படும் கீழ்ப்பாகத்தின் அடியிலிருந்து 10 மி.மீ. அளவு மேலே அளந்துகொள்ளுங்கள்.

போரை மேல், நடு, கீழ் என்று மூன்று உயரங்களில் அளக்க வேண்டும். ஒவ்வொரு உயரத்திலும் கிராங்க் தண்டின் நீளப்பாட்டுக்கு ஒன்றும் குறுக்கே ஒன்றுமாக ஆறு அளவுகள் வரும். மேல் ரிங் திரும்பும் இடத்தில் தேய்வு மிக அதிகம். அதற்கு மேலே நகத்தில் தட்டுப்படும் ஒரு விளிம்பே உருவாகியிருக்கும். போரின் உள்விட்டம் அளக்கும் டயல் போர் கேஜ் இல்லாதவருக்குப் பழைய ரிங்கே கருவி. ரிங்கைப் பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி அடியில் வைத்து, ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவேயுள்ள வாய் இடைவெளியை, மெல்லிய அளவுத் தகடுகளான ஃபீலர் கேஜால் பாருங்கள். பிறகு மேலே, தேய்ந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். கீழே 0.30, மேலே 0.75 என்றால் வித்தியாசம் 0.45. அதை 3.14ஆல் வகுத்தால் 0.143 மி.மீ. அந்த இடத்தில் விட்டம் சராசரியாக அவ்வளவு கூடியிருக்கிறது. ரிங் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் கணக்குக் கெடாது, இரண்டு இடத்திலும் வைத்தது ஒரே ரிங்தானே. இந்த இயந்திரத்துக்குப் போரின் எல்லை 68.165 மி.மீ.

எல்லையைத் தாண்டினால் போரைப் பெரிதாகக் கடைந்து, அளவு கூடிய ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். 0.25, 0.50, 0.75 என்று வரும். பலர் தவறுவது இங்கேதான். தேய்வு 0.17, ஆகவே 0.25 போதும் என்று தோன்றும். ஆனால் தேய்வு எல்லாப் பக்கமும் சமமாக இருப்பதில்லை. எரியும் அழுத்தத்தில் பிஸ்டன் சாயும் பக்கமே கூடுதலாகத் தேயும். 0.25 கடைந்தால் ஒரு பக்கத்தில் போவது 0.125 மட்டும். ஒரே பக்கம் 0.15 ஆழம் தேய்ந்திருந்தால் அங்கே கருவி படவே படாது, பழைய தேய்வு கறுப்புத் திட்டாக நிற்கும். 0.50க்குப் போவதே வழி. சிலர் செலவைக் குறைக்க, தேய்ந்த மேற்பகுதியை மையமாக வைத்து 0.25க்குள் முடித்துவிடுவார்கள். அச்சு சரிந்துபோகும், பிஸ்டன் ஒரு பக்கமாக உரசியே ஓடும். மையம் பிடிக்க வேண்டியது தேயாத அடிப்பகுதியில்.

லேத் பட்டறைக்குச் சிலிண்டரைக் கொண்டுபோகும்போது புதிய பிஸ்டனும் கூடவே போக வேண்டும். தலையில் 0.50 என்று பொறித்திருந்தால் அது 68.50 என்று பொருளல்ல. உங்கள் கையிலுள்ளது 68.48 என்றால், 0.03 இடைவெளி சேர்த்து, முடிந்த போர் 68.51. கருவியால் 68.46 வரை கடைந்து, மீதி 0.05ஐ ஹோனிங் கல்லுக்கு விட வேண்டும். கருவி விட்டுப்போகும் கீறல் மேடுகளை நீக்கி, ஒயில் தங்கும் குறுக்குக் கோடுகளைப் போடுவது அந்தக் கல்தான். இன்னொரு பிஸ்டன் 68.45 ஆக இருக்கலாம். அதற்கு இதே போர் தளர்வு.

அளக்கும் நேரமும் முக்கியம். சித்திரை வெயிலில் கிடந்து நிழலைவிட 30 பாகை சூடேறிய பிஸ்டன் 0.04 மி.மீ. பெரிதாகக் காட்டும். இடைவெளி முழுவதும் அந்தப் பிழைக்குள் போய்விடும். கடைந்து முடித்த சிலிண்டரும் சூடாகவே இருக்கும். பிஸ்டன், சிலிண்டர், மைக்ரோமீற்றர் மூன்றும் ஒரே நிழலில் ஆறிய பிறகு கடைசி அளவை எடுங்கள்.

ஹோன் செய்த சிலிண்டரைப் பெற்றோலால் மட்டும் கழுவுவது போதாது. கல்தூள் கோடுகளுக்குள்ளேயே கிடக்கும். சுடுநீரும் சவர்க்காரமும் விட்டுத் தூரிகையால் தேய்த்து, ஒயில் தோய்த்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி அழுக்காகாமல் வரும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். உடனே ஒயில் பூசுங்கள், நம் கடற்காற்றில் புதுப் போர் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

புது ரிங்கையும் போருக்குள் வைத்து வாய் இடைவெளியைப் பார்த்த பிறகே பிஸ்டனில் ஏற்றுங்கள். மேல் ரிங்குக்கு 0.20 முதல் 0.40 மி.மீ. குறைந்தால் சூட்டில் வாய் முட்டி ரிங் முறியும், நுண்ணிய அரத்தால் சரிசெய்யலாம். எழுத்துள்ள பக்கம் மேலே, மூன்று வாய்களும் 120 பாகை தள்ளி.

முதல் சில மணி நேரம் மெசினை முழு வேகத்தில் இழுக்கவிட வேண்டாம். 20 மணி நேரத்தில் ஒயிலை மாற்றுங்கள், இந்த இயந்திரத்துக்கு 0.6 லீற்றர் போதும். எயார் ஃபில்டரின் ஸ்பொஞ்சைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நன்கு காயவிட்டு, சுத்தமான ஒயிலில் நனைத்து, முறுக்காமல் பிழிந்து போடுங்கள். ஸ்பொஞ்ச் கிழிந்திருந்தால் புதிதாக வாங்குங்கள், விளிம்பு சரியாகப் படியாவிட்டால் தூசி அந்த வழியால் நேரே புதுப் போருக்குள் போகும்.