தொட்டால் ஒட்டும் டிஎன்ஏ

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் கடைக்காரர் காய்கறிப் பையை நீட்ட, நாம் வாங்கிக்கொள்கிறோம். அதன் கைப்பிடியில் இப்போது அவருடைய டிஎன்ஏவும் நம்முடையதும் கலந்து கிடக்கலாம். சற்றுமுன் அவருடன் கைகுலுக்கிய நண்பருடையதும்கூட இருக்கலாம். ரத்தமோ எச்சிலோ சிந்த வேண்டியதில்லை. வெறுமனே தொட்ட பொருளிலிருந்தே ஒருவரின் டிஎன்ஏ அடையாளத்தை எடுக்கலாம் என்று 1997-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள், ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வான் ஊர்ஷாட்டும் ஜோன்ஸும்.

உதிர்கிற தோல் செல்களில் பெரும்பாலானவற்றில், டிஎன்ஏ இருக்கும் உட்கரு மிஞ்சியிருக்காது. அப்படியென்றால் டிஎன்ஏ எங்கிருந்து வருகிறது? வியர்வையில் கலந்திருக்கும் துண்டுகள் கொஞ்சம். மூக்கைத் தேய்த்து, கண்ணைக் கசக்கி, வாயைத் துடைத்துக் கையில் ஏறியது கொஞ்சம். ஒரு செல்லில் இருப்பது சுமார் 6 பிக்கோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் பிக்கோகிராம்.

குற்றம் நடந்த இடத்தில் இதை எப்படி எடுப்பார்கள்? கத்திப்பிடி என்றால், ஈரமான பஞ்சுக்குச்சியால் அழுத்தித் துடைத்துவிட்டு, அதே இடத்தை உலர்ந்த குச்சியால் மறுபடி துடைப்பார்கள். ஈரத்தில் இளகியதை இரண்டாவது குச்சி உறிஞ்சிக்கொள்ளும். சட்டை என்றால் ஒட்டுநாடா. நனைந்த பொருளை உலர்த்திக் காகித உறையில்தான் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பைக்குள் ஈரத்தோடு கிடந்தால் பாக்டீரியா டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் இது சின்ன விஷயமில்லை.

அப்புறம் ஆய்வகம். இங்கே அந்த வேலை சுகாதார அறிவியல் ஆணையத்துடையது. டிஎன்ஏவைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முறையில் ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏ இரட்டிப்பாகும். கணக்குப்படி 28 சுற்றில் ஒன்று சுமார் 27 கோடியாகிவிடும். நம் டிஎன்ஏவில் சில இடங்களில் ஒரே எழுத்துக்கோவை திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அப்படிப்பட்ட இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில், அம்மா வழியாக ஓர் எண், அப்பா வழியாக ஓர் எண் என்று பார்த்துத்தான் ஆளைப் பிரித்தறிகிறார்கள். மாதிரி மிகக் குறைவாக இருந்தால் சில எண்கள் விடுபட்டுப் போகும். மூன்று நான்கு பேருடையது கலந்திருந்தால் எந்த எண் யாருடையது என்பதே சிக்கலாகிவிடும். அதனால் கணினி நிரல் ‘இவர்தான்’ என்று சொல்லாது. இந்த முடிவு கிடைக்க, இவர் தொட்டிருந்தால் எவ்வளவு வாய்ப்பு, வேறு யாரோ தொட்டிருந்தால் எவ்வளவு வாய்ப்பு என்று ஒப்பிட்டுச் சொல்லும்.

சரி, ஆள் யார் என்று தெரிந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அந்த டிஎன்ஏ எப்படி அங்கே வந்தது? என்னைக் கேட்டால், வழக்கின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. 2012-ல் கலிஃபோர்னியாவில் கொலையான ஒருவரின் நகத்தில் கிடைத்த டிஎன்ஏவை நம்பி ஒருவரைப் பல மாதம் சிறையில் வைத்தார்கள். கொலை நடந்த இரவில் அவரோ குடிபோதையில் மருத்துவமனையில் கிடந்தார். அவரை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ் ஊழியர்களே பிறகு கொலை நடந்த வீட்டுக்கும் போயிருக்கிறார்கள். அவர்கள் வழியாகத்தான் அது போய்ச் சேர்ந்தது என்று கருதப்படுகிறது.

ஜெர்மனியில் நடந்தது இன்னும் பெரியது. தொடர்பே இல்லாத குற்றங்களில் ஒரே பெண்ணின் டிஎன்ஏ கிடைத்துக்கொண்டே இருக்க, போலீஸ் பல ஆண்டுகள் அவளைத் தேடியது. 2009-ல்தான் உண்மை வெளிவந்தது: அது பஞ்சுக்குச்சித் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்ணுடையது. குச்சிகளைக் கிருமிநீக்கம் செய்திருந்தார்கள். ஆனால் கிருமி செத்தாலும் டிஎன்ஏ போய்விடாது. தடயம் எடுக்கும் பொருள்களில் மனித டிஎன்ஏ கலக்காதபடி தயாரிக்க 2016-ல் தனியாக ஓர் ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர அமைப்பு) தரமே வந்தது.