காகிதமே இல்லாத ஓவியம் விற்க வந்தால்

அமெரிக்க நவீன ஓவியம் ஒன்றை விற்க வருபவர், "அந்தக் காலத்தில் ஓவியரிடமே நேராக ரொக்கம் கொடுத்து வாங்கியது, அதனால் ரசீது கிடையாது" என்று ஆரம்பித்தால் உடனே உஷாராகிவிடுங்கள். ஓவியங்கள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின என்று பழைய கேலரி ஆவணங்களை வைத்துச் சரிபார்ப்பது என் தொழில். இந்த ஒரு வாக்கியத்தை நம்பியதில், 1846 முதல் நியூயார்க்கில் நடந்துவந்த நோட்லர் கேலரி 2011 நவம்பரில் கதவைச் சாத்தியது.

கிளாஃபிரா ரொசாலெஸ் என்ற பெண்மணி 1994 முதல் அங்கே ராத்கோ, பொல்லாக், மதர்வெல் என்று பெரிய அமெரிக்க ஓவியர்களின் பெயரில் ஓவியங்களாகக் கொண்டுவந்து கொடுத்தார். பெயர் சொல்ல விரும்பாத ஒரு பணக்காரர் 1950-களில் வாங்கியவை, இப்போது மகன் விற்கிறார் என்பது கதை. எதற்கும் பழைய விற்பனைப் பதிவு இல்லை. உண்மையில் எல்லாவற்றையும் வரைந்தவர் குவீன்ஸ் பகுதியில் வசித்த ஒரு சீன ஓவியர். 2003-ல் அதில் ஒரு 'பொல்லாக்'கை இஃபார் என்ற கலை ஆய்வு அமைப்பு ஆராய்ந்து, ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டது. வாங்கியவருக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. அதோடு நிற்காமல் கதையும் மாறியது: அதுவரை இடைத்தரகராகச் சொல்லப்பட்டவர் ஓவியர் அல்ஃபோன்சோ ஒசோரியோ, அப்புறம் அந்த இடத்துக்கு டேவிட் ஹெர்பர்ட் என்ற வியாபாரி வந்தார். இருவருமே அப்போது உயிரோடு இல்லை. கைமாறிய வரலாற்றில் ஆள் மாறுகிறார் என்றால் அதற்குமேல் என்ன வேண்டும்? ஆனாலும் 2004-ல் ஒரு போலி ராத்கோ 83 லட்சம் டாலருக்கு விலைபோனது. கேலரி அதை 9.5 லட்சத்துக்கு வாங்கியிருந்தது என்ற விவரம், 2016-ல் வழக்கு நடந்தபோது கேலரியின் சொந்தக் கணக்கிலிருந்தே வெளியே வந்தது.

பொல்லாக் போன்றவர்களைச் சுற்றி இருக்கும் காகிதத்தின் அளவு வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. 1943-ல் கேலரி நடத்திய பெக்கி குகன்ஹைம் பொல்லாக்குக்கு மாதம் 150 டாலர் என்று ஒப்பந்தம் போட்டார். அதற்குப் பிறகு பெட்டி பார்சன்ஸின் கேலரி, பிறகு சிட்னி ஜானிஸின் கேலரி. எது எந்தக் கண்காட்சிக்குப் போனது, எது விற்காமல் திரும்பியது என்று ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். பொல்லாக்கும் மனைவி லீ கிராஸ்னரும் விட்டுச்சென்ற காகிதங்கள் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்கக் கலை ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. அவருடைய படைப்புகளின் முழுப் பட்டியல் 1978-லேயே நான்கு தொகுதிகளாக வந்துவிட்டது. பட்டியலில் இல்லாத பொல்லாக் இருக்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன். மனிதர் ஸ்பிரிங்ஸ் ஊர் மளிகைக் கடை பாக்கிக்கே ஓர் ஓவியத்தைக் கொடுத்தவர். ஆனால் அந்தக் கடைக்காரர் யார், கடை எங்கே இருந்தது என்று கேட்டால் பதில் உண்டு. பெயரே இல்லாத பணக்காரரிடம் என்ன கேட்பது?

கேலரி அட்டை ஒன்றைக் கையில் எடுத்தால் சாதாரணமாக இருப்பது இவ்வளவுதான்: ஓவியர் பெயர், தலைப்பு, அங்குலத்தில் அளவு, வந்த தேதி, சரக்கு எண், விலை, வாங்கியவர். நான் முதலில் பார்ப்பது அளவைத்தான், தலைப்பை அவ்வளவாக நம்புவதில்லை. காரணம் இருக்கிறது. பொல்லாக் 1948 வாக்கில் தலைப்புகளை விட்டுவிட்டு எண் கொடுக்க ஆரம்பித்தார், அடுத்த வருடம் மறுபடி ஒன்றிலிருந்தே தொடங்கினார்! கேலரியில் விற்காமல் இருந்த பழையவற்றோடு புதியவை குழம்பக் கூடாது என்று பழைய எண்களுக்குப் பக்கத்தில் 'ஏ' சேர்த்தார்கள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள 'நம்பர் 1ஏ, 1948' அப்படி வந்த பெயர்தான். எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் வேறு ஓவியத்தின் ரசீதைக் கொண்டுவந்து இதற்கு ஒட்டிவிடலாம். தெரியாமலும் நடக்கும், தெரிந்தேயும் நடக்கும்.

ஆவணம் இருந்தாலே போதுமா என்றால், அதுவும் இல்லை. ஜான் ட்ரூ என்ற ஆசாமி லண்டனில், டேட் போன்ற அருங்காட்சியகங்களின் ஆவணப் பிரிவுகளுக்குள்ளேயே போலிக் காகிதங்களைச் செருகிவிட்டு வந்து, பிறகு அவற்றையே ஆதாரமாகக் காட்டி ஓவியங்களை விற்றார், 1999-ல் தண்டிக்கப்பட்டார். அதனால் ஒரே பெட்டியில் கிடைத்த ஒரே காகிதத்தை நாங்கள் ஏற்பதில்லை. கேலரி அட்டை சொல்வதை ஓவியரின் கடிதமோ கண்காட்சிப் புகைப்படமோ இன்னொரு ஊரில் இருக்கும் இன்னொரு பெட்டியிலிருந்து சொல்ல வேண்டும்.

சரி, பதிவில்லாத காலம் என்றாலே மோசடியா? ஜேக்கப் லாரன்ஸ் என்ற அமெரிக்க ஓவியர் 1954 முதல் 1956 வரை அமெரிக்க வரலாற்றை 30 சிறு பலகைகளாக வரைந்தார். நியூயார்க்கின் ஆலன் கேலரி காட்சிக்கு வைத்தது, ஒரு சேகரிப்பாளர் மொத்தமாக வாங்கினார், பிறகு தனித்தனியாக விற்றுவிட்டார். 2020-ல் மறுபடி எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்க முயன்றபோது ஐந்து பலகைகளைக் காணவில்லை. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு வந்த ஒரு பார்வையாளர், இதேபோல் ஒன்று தனக்குத் தெரிந்தவர் வீட்டில் இருக்கிறதே என்று யோசித்ததில் 16-ம் பலகை கிடைத்தது. 1960-ல் ஒரு தர்ம ஏலத்தில் வாங்கியதாம். அடுத்த ஆண்டு 28-ம் பலகையும் நியூயார்க்கிலேயே வெளிப்பட்டது. அறுபது வருடம் இவை எங்கே இருந்தன என்பதற்கு எந்தக் கேலரியிலும் பதிவில்லை. ஆனால் எண், தலைப்பு, முதல் கண்காட்சி எல்லாம் தொடக்கத்திலேயே காகிதத்தில் இருந்தன. நடுவில் தடம் தொலைந்த ஓவியத்தைத் தேடலாம், காத்திருக்கலாம். ரொசாலெஸின் சரக்குக்குத் தொடக்கமே இல்லை.

இதையெல்லாம் பார்க்க நீங்கள் வாஷிங்டன் போக வேண்டியதில்லை. அமெரிக்கக் கலை ஆவணக்காப்பகம் 1954-ல் டெட்ராய்ட்டில் தொடங்கி, 1970-ல் ஸ்மித்சோனியனோடு சேர்ந்தது. பொல்லாக்-கிராஸ்னர் காகிதங்கள், ஈடித் ஹால்பெர்ட்டின் டவுன்டவுன் கேலரி ஆவணங்கள் போன்ற பல தொகுப்புகளை இணையத்தில் இலவசமாகப் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். டவுன்டவுன் கேலரியின் ஆவணங்களில் ஒரு நிபந்தனையைப் பார்ப்பீர்கள்: விற்பனை விவரத்தை வெளியிட வேண்டுமானால் ஓவியர், வாங்கியவர் இருவரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும், அவர்கள் இருக்கிறார்களா என்று தேடியும் தெரியாவிட்டால், விற்ற நாளிலிருந்து 60 வருடம் கழித்து வெளியிடலாம். படிக்கலாம், ஆனால் கண்டதையெல்லாம் சமூக வலைத்தளத்தில் போட அது அனுமதி ஆகாது. நோட்லரின் ஆவணங்களை 2012-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் கெட்டி ஆய்வு நிறுவனம் வாங்கிவிட்டது.

கடைசியாக, வீட்டில் பழைய அமெரிக்க ஓவியமோ அச்சுப்படமோ வைத்திருப்பவர்களுக்கு: அதன் சட்டத்தை (ஃபிரேமை) மாற்றக் கொடுப்பதற்கு முன் பின்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேலரி லேபிள், பென்சிலில் எழுதிய எண், சுங்க முத்திரை எல்லாம் அங்கேதான் இருக்கும். சட்டம் போடுபவர் பார்வையில் அது அழுக்கு அட்டை, கழற்றிக் குப்பையில் போட்டுவிடுவார். பழைய அட்டையைத் திருப்பித் தரச் சொல்லிக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.