கருவுக்குத் தரமிடல்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் போய்க் குழந்தைப்பேற்றுச் சிகிச்சை எடுக்கும் தம்பதிகள் வாயில் இப்போது அடிபடும் சொல் ‘எம்பிரியோ கிரேட்’. “அஞ்சாம் நாள் கரு, 4ஏபி” என்பார்கள். கேட்கிற பெரியவர்களுக்கு ‘கிரேட்’ மட்டும் புரியும், ரப்பர் காலத்துச் சொல் அல்லவா! புகை போட்ட ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, குமிழி, பட்டைத் தூசு, பூஞ்சணம் பார்த்துத்தான் ஒன்று முதல் ஐந்து வரை கிரேட் பிரித்தார்கள். ஆய்வகத்தில் வளர்க்கும் கருவையும் கண்ணால்தான் பார்க்கிறார்கள், நுண்ணோக்கி வழியாக. ஆனால் ஷீட் கிடந்தபடி கிடக்கும். கரு சில மணி நேரத்திலேயே இன்னும் வளர்ந்து, வேறு கிரேட் வாங்கிவிடும்.

‘கிரேட்’ லத்தீனின் ‘கிரதுஸ்’ என்பதிலிருந்து வந்தது. படி என்று பொருள். ‘எம்பிரியோ’ கிரேக்கம்: உள்ளே வளர்வது. தமிழில் கரு. இலங்கைப் பாடநூல்களில் முளையம். நம் ஊரில் பலர் இதையே ‘முட்டை’ என்றும் சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. கருமுட்டை என்பது விந்தணு சேருமுன் உள்ளது. இங்கே கிரேட் போடுவது சேர்ந்து வளர்ந்த கருவுக்கு.

சரி, 4ஏபி என்றால் என்ன? 1999-இல் கார்ட்னர், ஸ்கூல்கிராஃப்ட் இருவரும் வெளியிட்ட முறை இது. ஐந்தாம், ஆறாம் நாளில் கரு நீர் கோத்து உருண்டையாகிறது, தமிழில் கருக்கோளம். அது எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதற்கு 1 முதல் 6 வரை எண். ஐந்தில் கரு தன் மேலுறையை விட்டு வெளிவரத் தொடங்கியிருக்கும், ஆறில் முழுதாக வந்துவிட்டிருக்கும். முதல் எழுத்து, குழந்தையாக வளரும் உள் செல் திரளுக்கு. இரண்டாவது, நஞ்சுக்கொடியாகும் வெளிச்சுற்றுச் செல்களுக்கு. மூன்றாம் நாள் கருவுக்கு இந்தக் கணக்கு கிடையாது. அங்கே செல்களின் எண்ணிக்கை, அவை ஒரே அளவா, உடைந்து சிதறிய செல் துணுக்குகள் எவ்வளவு என்று பார்ப்பார்கள்.

முதலில் எதைக் கருப்பையில் வைப்பது, எதை உறைய வைப்பது என்று வரிசைப்படுத்தத்தான் இத்தனையும். ஏ கிரேடுக்கு வாய்ப்பு கூடுதல்தான். ஆனால் சி வாங்கிய கருவும் குழந்தையாகப் பிறந்ததுண்டு. குரோமோசோம் சரியா என்பதைக் கிரேட் சொல்லாது. அதற்குச் சில செல்களை எடுத்துத் தனியே சோதிக்க வேண்டும். இதை மாமியார்களிடம் யாராவது சொன்னால் தேவலை.

தமிழில் ‘கரு தரம் பிரித்தல்’ என்று எழுதுகிறார்கள். பிழையில்லை. ஆனாலும் அதன் பின்னாலேயே ‘தரமற்ற கரு’ வந்து ஒட்டிக்கொள்கிறது. பெற்றவளாகப் போகிறவள் காதில் விழவேண்டிய சொல்லா அது? சோழர் கல்வெட்டுகளில் விளைநிலத்தை வகுத்து வரி விதிக்க ‘தரமிட்ட’ நிலம் என்றார்கள். வகுப்புக்குள் வராததைத் ‘தரமிலி’ என்றார்கள். அந்தத் தரம், வகுப்பைக் குறித்தது. அதனால் செயலுக்குக் ‘கருத் தரமிடல்’, கிடைக்கும் குறிக்குத் ‘தரநிலை’, பொறுக்கி எடுப்பதற்குக் ‘கருத் தேர்வு’ என்று வைத்துக்கொள்ளலாம். 4ஏபி-யை ‘நான்காம் விரிவு, உள்திரள் ஏ, வெளிச்சுற்று பி’ என்று விரித்துச் சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் விளங்கும்.