பழங்குடி வீட்டுத் திட்டம்: வீட்டுக்கு முன்னால் மனையைக் கேளுங்கள்

இருளர், காட்டுநாயக்கர், பணியர், குறும்பர், தோடர், கோத்தர். தமிழ்நாட்டில் இந்த ஆறு பழங்குடிச் சமூகத்தாருக்கு மட்டும்தான் மத்திய அரசின் பழங்குடித் திட்டமான 'பி.எம். ஜன்மன்' வீடு. 2023 நவம்பரில் தொடங்கிய திட்டம். வீடு ஒன்றுக்குத் திட்டத்தின் தொகை 2 லட்சம் ரூபாய், அதை மத்திய அரசும் மாநில அரசும் பகிர்ந்து கொடுக்கின்றன, அதற்கு மேலும் மாநில அரசு சேர்த்துக் கொடுக்கிறது. பின்னணி இவ்வளவு தெரிந்தால் போதும்.

முதல் அலைச்சல் இங்கேயே ஆரம்பிக்கிறது. பழங்குடிச் சான்று இருந்தாலே இந்த வீடு கிடைக்கும் என்று நம்பி, மலையாளிப் பழங்குடியினரும் 2023-இல் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்த நரிக்குறவர்களும் மனுக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் கேட்க வேண்டியது பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம், அல்லது 360 சதுர அடியில் 3.50 லட்சம் ரூபாய் மதிப்பில் கட்டும் மாநில அரசின் கலைஞரின் கனவு இல்லம். மனுவில் தவறான திட்டத்தின் பெயர் இருந்தால் 'தகுதி இல்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சரியான திட்டம் இன்னது என்று சொல்லி அனுப்புகிறவர்கள் குறைவு.

எந்தத் திட்டமானாலும் பெரும்பாலானவர்கள் விழுவது மனையில்தான். பட்டா இல்லையென்றால் வீடு இல்லை. ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் இருபது, முப்பது ஆண்டுகளாகக் குடிசை போட்டிருக்கும் குடும்பங்களிடம் "இதே இடத்துக்குப் பட்டா வாங்கித் தருகிறோம்" என்று சொல்லிப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். நம்பாதீர்கள். நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா கிடையாது. வட்டாட்சியரிடம் கேட்க வேண்டியது மாற்று இடத்தில் இலவச வீட்டுமனைப் பட்டா. கிராமத்தில் 3 சென்ட் வரை கிடைக்கும். "இடம் இல்லை" என்ற பதில் வரும். ஊரில் உள்ள நத்தம், தரிசுப் புறம்போக்குகளின் புல எண்களை, கிராமத்து நில விவரங்கள் உள்ள 'அ' பதிவேட்டில் பார்த்து, நான்கைந்து எண்களை மனுவிலேயே எழுதிக் கொடுங்கள். புல எண் குறிப்பிட்ட மனுவுக்கு 'இடம் இல்லை' என்று பொத்தாம்பொதுவாகப் பதில் எழுத முடியாது, அந்தந்த எண்ணுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும்.

பட்டா கையில் இருக்கிறதே என்று நிம்மதி அடைபவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. விழா மேடையில் கொடுத்த காகிதம், அதில் புல எண்ணும் இருக்கிறது, ஆனால் நிலத்தை யாரும் அளந்து காட்டவில்லை, உட்பிரிவு செய்யவில்லை, கிராமக் கணக்கில் ஏற்றவும் இல்லை. இப்படிப்பட்ட பட்டாவை வைத்துக்கொண்டு ஒன்றிய அலுவலகம் போனால் "கணினியில் வரவில்லை" என்று திருப்பி அனுப்புவார்கள். வட்டாட்சியர் அலுவலகமோ அது வேறு பிரிவு கொடுத்த பட்டா என்று கையை விரிக்கும். அதனால் வீட்டு மனுவுக்கு முன்பே இணையத்தில் பட்டா எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயர் வரவில்லையென்றால் நிலத்தை அளந்து கல் நடவும், கணக்கில் ஏற்றவும் தனி மனு கொடுங்கள். ஆண்டுதோறும் வட்டத்தில் கிராமக் கணக்குகளைச் சரிபார்க்க நடக்கும் ஜமாபந்தி இதற்கு ஏற்ற நாள், ஏனென்றால் கிராமக் கணக்குகள் எல்லாம் அன்று ஒரே மேசைக்கு வரும்.

காட்டுக்குள் இருப்பவர்களுக்கு வழி வேறு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சாகுபடிக்கு மட்டுமல்ல, குடியிருப்புக்கும் உரிமை தருகிறது. பழங்குடிக் குடும்பம் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும். "செயற்கைக்கோள் படத்தில் உங்கள் வீடு தெரியவில்லை" என்று தள்ளுவது சட்டப்படி செல்லாது. ஊர்ப் பெரியவரின் எழுத்துமூல வாக்குமூலமும் ஒரு சான்றுதான், அதோடு இன்னொரு சான்று இருந்தால் போதும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கிராம சபையின் முடிவை எதிர்த்து 60 நாளுக்குள் உட்கோட்டக் குழுவிடம் முறையிடலாம். வாயால் சொன்ன 'இல்லை'யை வைத்துக்கொண்டு எங்கும் முறையிட முடியாது, எழுத்தில் வாங்காமல் திரும்பாதீர்கள்.

சாதிச் சான்றுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் தவம் கிடப்பதும் வீண். பழங்குடிச் சான்று தருபவர் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். 'அப்பாவுக்குச் சான்று இருக்கிறதா' என்பார்கள். குடும்பத்தில் முதன்முறையாகச் சான்று கேட்பவரிடம் இது எப்படி இருக்கும்? நேரடி விசாரணை கேட்டு எழுதிக் கொடுங்கள். நெருங்கிய உறவினர் யாருக்காவது சான்று இருந்தால் நகலை இணையுங்கள்.

இன்னொரு பொறி, அரசு முன்பு கட்டிக் கொடுத்த பழைய தொகுப்பு வீடு. கூரை பெயர்ந்து கம்பி தெரிகிறது, மழைக்கு உள்ளே படுக்க முடியாது. ஆனால் பதிவேட்டில் அது 'நிலையான வீடு'. அதனால் பெயர் பட்டியலில் ஏறாது. சிதிலமான அரசு வீடுகளை இடித்துக் கட்ட 2025-26 நிதிநிலை அறிக்கையில் 25,000 வீடுகளுக்கு 600 கோடி ரூபாயை மாநில அரசு ஒதுக்கியது. புது வீடு என்று கேட்காமல் மறுகட்டுமானம் என்று கேளுங்கள், புகைப்படத்தோடு.

பணி ஆணை வந்ததும் ஒப்பந்தக்காரர் வாசலுக்கு வந்துவிடுவார். "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், பாஸ்புக்கும் ஏ.டி.எம். அட்டையும் கொடு." கொடுத்த இடங்களில் வீடு கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தோடு நின்றிருக்கிறது, பணம் முழுதும் எடுத்தாகிவிட்டது. பிரதமர் வீட்டுத் திட்ட விதிப்படி பயனாளிதான் கட்ட வேண்டும், ஒப்பந்தக்காரருக்கு இடமே இல்லை. கொத்தனாருக்குக் கூலியைக் கட்டக் கட்டக் கொடுங்கள். தவணை வராமல் போவதற்கு ஒரு காரணம் ஆதாரிலும் பாஸ்புக்கிலும் பெயரின் எழுத்து வேறுபடுவது, இன்னொரு காரணம் கணக்கோடு ஆதார் இணையாதது. அடித்தளம் தோண்டுவதற்கு முன்பே இரண்டையும் வங்கியில் சரிபார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்துப் பதிவேற்றினால்தான் அடுத்த தவணை. பக்கத்து வீட்டுப் படத்தை உங்கள் பெயரில் ஏற்றுவதும் நடக்கிறது, அதனால் படம் எடுக்கும்போது உடன் நில்லுங்கள். கடைசிப் படத்துக்கு வரும்போது கதவோ ஜன்னலோ கழிப்பறையோ பாக்கி இருந்தால் நிற்க மறுத்துவிடுங்கள். அந்தப் படம் ஏறிவிட்டால் கணினியில் உங்கள் வீடு முடிந்த வீடு, அதற்குப் பிறகு ஒரு ரூபாய்கூட வராது.