கோழிக்குப் புழுத் தீவனம்: அந்தப் புழு எதைத் தின்று வளர்ந்தது?

"புழு வளர்த்துக் கோழிக்குப் போடலாமா டாக்டர்?" என்று கேட்கும் பண்ணையாளர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். பண்ணைச் செலவில் பெரும்பங்கு தீவனத்துக்கே போவதாலும், அதில் எடைக்கு எடை விலை கூடியது புரதம் என்பதாலும், சோயாப் புண்ணாக்குக்கும் மீன்தூளுக்கும் மாற்றுத் தேடுவது நியாயமானதே. தாராளமாகப் போடலாம் என்பதே என் பதில். ஆனால் எந்தப் புழு, அது எதைத் தின்று வளர்ந்தது என்ற இரண்டையும் கேட்ட பிறகே அந்தப் பதிலைச் சொல்வேன்.

இன்று உலகெங்கும் தீவனத்துக்காக அதிகம் வளர்க்கப்படுவது கருப்பு சிப்பாய் ஈயின் புழு. காய்கறி, பழக் கழிவுகளையும் தானியத் தவிட்டையும் தின்று, நல்ல வெப்பத்தில் இரண்டு மூன்று வாரங்களுக்குள் அறுவடைக்கு வந்துவிடும். உலர்ந்த புழுவின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு புரதம், 30 விழுக்காடு கொழுப்பு. கொழுப்பைப் பிழிந்தெடுத்தால் புரதம் 55 விழுக்காட்டையும் தாண்டும். வளர்ந்த ஈ வீட்டு ஈயைப் போல உணவுப் பண்டங்களை நாடி மொய்ப்பதில்லை என்பதால், அதன் வழியாக நோய் பரவும் அச்சமும் மிகக் குறைவு. கோழிக்கும் இது அந்நியமான உணவு இல்லை. திறந்தவெளியில் விட்டால் அது நாள் முழுக்க மண்ணைச் சீய்த்துத் தேடுவது பூச்சியையும் புழுவையும்தான்.

நான் அஞ்சுவது வேறொன்றை. புழு புரதம் என்று கேள்விப்பட்டதும், செத்த கோழியை ஒரு மூலையில் போட்டு, அதில் நெளியும் புழுக்களைக் கோழிகள் கொத்த விட்டுவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. உடல் அழுகும்போது அதற்குள் காற்றில்லாத சூழலில் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்னும் பாக்டீரியா பெருகிக் கொடிய நச்சை உண்டாக்கும். அந்த நச்சு புழுவை ஒன்றும் செய்வதில்லை. புழு அதை உடலில் சுமந்தபடி கொழுத்து வளரும். அப்படிப்பட்ட புழுக்களைத் தின்ற கோழிக்கு முதலில் கால் தளர்ந்து, அது உட்கார்ந்த இடத்திலேயே இருந்துவிடும். பிறகு இறக்கை தொங்கும், இமை மூடிக்கொள்ளும், கடைசியில் கழுத்தைத் தூக்க முடியாமல் தலை தரையில் கிடக்கும். கழுத்து இறகைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். மூச்சுத் தசைகள் செயலிழந்து கோழி சாகும்; வெட்டிப் பார்த்தால் உள்ளுறுப்புகளில் குறிப்பிட்டுச் சொல்லும்படி எதுவும் தென்படாது. இந்தக் கோலத்தில் கோழிகளைப் பார்த்தால் உடனே மருத்துவரை அழையுங்கள். செத்தவற்றை அன்றன்றே எடுத்து ஆழமாகப் புதையுங்கள் அல்லது எரித்துவிடுங்கள்.

எருக்குவியலில் தானாக வரும் வீட்டு ஈயின் புழுவையும் நான் பரிந்துரைப்பதில்லை. கோழியின் குடலில் வாழும் நாடாப்புழுக்களில் சில வகைகள், வீட்டு ஈ, வண்டு, எறும்பு ஆகியவற்றின் உடலில் ஒரு பருவத்தைக் கழித்த பிறகே கோழிக்குள் நுழைகின்றன.

சிப்பாய் ஈயின் புழுவாக இருந்தாலும் அதற்குப் போடும் தீனியில் கவனம் வேண்டும். தீனியில் காட்மியம் போன்ற கன உலோகம் இருந்தால் அது புழுவின் உடலில் சேர்ந்துகொண்டே போகும். புழு வழியாகக் கோழிக்கும், கோழி வழியாக மனிதருக்கும் வரும். ஆலைக் கழிவு, சாக்கடை வண்டல், எங்கிருந்து வந்ததென்று தெரியாத குப்பை ஆகிய எதையும் புழுவுக்குப் போடக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் மீன் தீவனத்திலும் 2021-இல் கோழி, பன்றித் தீவனத்திலும் பூச்சிப் புரதத்தை அனுமதித்தபோதுகூட, புழுக்களுக்குச் சாணம், எச்சம், உணவகக் கழிவு போன்றவற்றைக் கொடுக்கக் கூடாது என்ற தடையைத் தளர்த்தவில்லை. உங்கள் நாட்டின் விதி என்ன என்பதையும் தொடங்கும் முன்பே கேட்டறிந்துகொள்ளுங்கள்.

அறுவடையில் நேரம் முக்கியம். வெளிர் நிறத்தில் கொழுத்திருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்; கருத்துவிட்டால் மேல்தோலில் கைட்டின் என்னும் எளிதில் செரிக்காத ஓட்டுப்பொருள் கூடி, செரிமானம் குறையும். எடுத்த புழுவைச் சலித்துக் கழுவி, கொதிநீரில் சில நிமிடங்கள் முக்கியெடுத்தால் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பெருமளவு மடியும். அதன்பின் நொறுங்கும் அளவுக்குக் காயவைக்க வேண்டும். ஆனால் அதிகச் சூட்டில் கருக வறுத்தால், புரதத்தில் உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் வீணாகிறது. பச்சைப் புழுவில் மூன்றில் இரண்டு பங்கு நீர் என்பதால், ஒரு கிலோ உலர்ந்த புழுவுக்கு மூன்று கிலோவாவது பச்சைப் புழு வேண்டியிருக்கும். கணக்குப் போடும்போது பலர் தவறுவது இங்கேதான். கொழுப்பு மிகுந்த பொருள் என்பதால் நாள்பட்டால் காறல் வாடை அடிக்கும்; அந்த வாடை வந்த தூளைக் கோழிக்குப் போடாதீர்கள்.

அளவைப் பொறுத்தவரை, கறிக்கோழித் தீவனத்தில் 5 முதல் 10 விழுக்காடு வரை சேர்ப்பதே என் பரிந்துரை. அதற்கு மேல் போகும்போது வளர்ச்சியும், தின்ற தீவனத்தை உடல் எடையாக மாற்றும் திறனும் குறையத் தொடங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆய்வகச் சான்றிதழில் இருக்கும் புரத அளவையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. புரதத்தை நைட்ரஜனை வைத்தே கணக்கிடுகிறார்கள். கைட்டினிலும் நைட்ரஜன் இருப்பதால், கோழிக்கு உண்மையில் கிடைக்கும் புரதம் அச்சிட்ட எண்ணைவிடக் குறைவாகவே இருக்கும். சிப்பாய் ஈப் புழுவில் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. முட்டைக்கோழிக்கு அது நல்லதே. குஞ்சுகளின் தீவனத்திலோ, ஏற்கெனவே சேர்க்கும் சுண்ணாம்புத் தூளை அதற்கேற்பக் குறைக்காவிட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படும். ஆகவே புழுத்தூளைச் சேர்க்கும்போது மெத்தியோனின், லைசின் என்னும் அமினோ அமிலங்கள், சுண்ணாம்பு, பாஸ்பரஸ் ஆகிய நான்கையும் புதிதாகக் கணக்கிட்டே கலவையைத் தயாரிக்க வேண்டும். முதல் முறை மொத்தப் பண்ணைக்கும் கொடுக்காமல் ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும் கொடுத்து, எடையையும் எச்சத்தின் பதத்தையும் மற்றக் கோழிகளுடன் ஒப்பிட்டுக் குறித்துவைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.