எண்ணெயும் ஒட்டாத துணி

ஷிஃப்ட் முடிய அரை மணி நேரம் இருந்தது. துணியை முக்கியெடுக்கும் பேடிங் தொட்டியில் பால் போல வெள்ளையாக அறுபது லிட்டர் கரைசல் மிச்சம். அடுத்து ஓட வேண்டியது வேறு துணி. மேஸ்திரி அடி வால்வைத் திறந்தார். எல்லாம் சாக்கடைக்குப் போயிற்று. பக்கத்தில் நின்று நான் மறுநாளுக்கான மருந்துக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். ஆய்வகப் பொறுப்பு என்னுடையது. தடுத்திருக்க வேண்டியவன் நான். அன்று எனக்கு அது தோன்றவே இல்லை.

மதுரைக்குத் தெற்கே இருந்த அந்தத் துணி பதப்படுத்தும் ஆலையில் நாங்கள் செய்தது தண்ணீரும் கறையும் ஒட்டாத துணி. வெள்ளைக் கரைசலில் துணியை முக்கி, உருளைகளுக்கு இடையே பிழிந்து, ஸ்டென்டர் என்ற உலர்த்தும் இயந்திரத்தில் 160 டிகிரி சூட்டில் ஓட்டினால் பூச்சு இழையோடு ஒன்றிவிடும். கரைசலில் இருந்த சரக்கு, பி.எஃப்.ஏ.எஸ். என்ற ஃபுளோரின் சேர்மக் குடும்பத்தைச் சேர்ந்தது. கார்பனும் ஃபுளோரினும் சேர்ந்த பிணைப்பு கரிம வேதியியலில் மிக வலுவான பிணைப்புகளில் ஒன்று. வெயிலும் மழையும் நுண்ணுயிரும் அதை எளிதில் அறுக்க முடியாது. வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவைத் தின்று செரிக்கும் பாக்டீரியாக்களும் இதனிடம் தோற்றுப்போகின்றன.

சாயத் தண்ணீர் என்றால் நம் மக்களுக்குத் தெரியும். சுங்குடிக்குச் சாயமேற்றிய ஊர் இது. வாய்க்கால் எந்த நிறத்தில் ஓடுகிறது என்று பார்த்தே பட்டறையில் அன்று என்ன வேலை என்று சொல்லிவிடுவார்கள். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததால்தான் அந்தப் பக்கத்து உழவர்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள்; 2011-இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நான் சொல்லும் இந்தச் சரக்குக்கு, தண்ணீரில் கலந்த பிறகு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பந்தல்குடிக் கால்வாயில் போனாலும் கிருதுமால் நதியில் போனாலும் யாரும் நின்று பார்க்கப்போவதில்லை.

எவ்வளவு சிறிய அளவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதற்கு ஒரு கணக்கு. இந்தக் குடும்பத்தில் பி.எஃப்.ஓ.ஏ. என்ற பொருளுக்கு, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024-இல் வகுத்த குடிநீர் வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம்; ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். நமக்குக் குடிநீர் தரும் வைகை அணை 71 அடி நிரம்பினால் சுமார் 6 டி.எம்.சி. தண்ணீர். அத்தனை தண்ணீரையும் அந்த வரம்புக்குக் கொண்டுவர வெறும் 700 கிராம் போதும். அன்று சாக்கடையில் விட்ட அறுபது லிட்டரில் ஏறக்குறைய அரைக் கிலோ ஃபுளோரின் பாலிமர் இருந்திருக்கும். அது முழுவதும் பி.எஃப்.ஓ.ஏ. அல்ல, ஒரே நாளில் பிரிந்துவிடுவதும் அல்ல. பாலிமரில் கிளை போல நீட்டிக்கொண்டிருக்கும் ஃபுளோரின் பக்கச் சங்கிலிகள் ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுக உதிர்ந்து அந்த வகைப் பொருட்களாக மாறும். இருந்தாலும், இந்தக் கணக்கைப் போட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உடலுக்கு என்ன செய்யும்? அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு தொழிற்சாலையின் பி.எஃப்.ஓ.ஏ. குடிநீரில் கலந்த பகுதியில் சுமார் 69,000 பேரிடம் ரத்த மாதிரி எடுத்து ஆராய்ந்தார்கள். சிறுநீரகப் புற்றுநோய், விரைப் புற்றுநோய், தைராய்டு கோளாறு, கர்ப்பகால ரத்த அழுத்தம் உட்பட ஆறு நோய்களோடு தொடர்பு இருக்கலாம் என்று 2012-க்குள் அறிவியல் குழு முடிவு சொன்னது. 2023-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பி.எஃப்.ஓ.ஏ.வை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்றே முதல் பிரிவில் வைத்தது. உள்ளே போனதில் பாதி வெளியேறவே சில ஆண்டுகள் ஆகும். கொதிக்க வைத்தாலும் தண்ணீரை விட்டுப் போகாது. ஆர்.ஓ. இயந்திரம் பெருமளவு பிடிக்கும். பிடித்ததை அதன் கழிவுநீர்க் குழாய் வழியே மறுபடி சாக்கடைக்குத்தான் அனுப்பும்.

பி.எஃப்.ஓ.ஏ. போன்ற எட்டு கார்பன் சங்கிலி கெட்டது என்றானபோது தொழில் ஆறு கார்பனுக்கு மாறியது. "சி6 பாதுகாப்பானது" என்று வாடிக்கையாளர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன். அது உடலை விட்டுச் சீக்கிரம் வெளியேறுவது உண்மை. ஆனால் அதிலிருந்து பிரிவதும் அழியாத பொருள்தான். தண்ணீரில் இன்னும் வேகமாகப் பரவும், கரி வடிகட்டியில் குறைவாகவே சிக்கும். நான் சொன்னது தவறு.

இப்போது கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் 2025 ஜனவரி முதல் பி.எஃப்.ஏ.எஸ். சேர்த்த புதிய ஆடைகளின் விற்பனையைத் தடுத்திருக்கின்றன. சி6 வகைக்கும் ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்பாடு கொண்டுவந்துள்ளது. அதனால் ஏற்றுமதி ஆர்டர் என்றால் "ஃபுளோரின் கூடாது" என்று வாங்குபவரே எழுதிக் கேட்கிறார். உள்ளூர்ச் சந்தைக்குப் போகும் துணிக்கு அப்படிக் கேட்பார் யாரும் இல்லை. அதே ஸ்டென்டர், அதே தொழிலாளி, அதே சாக்கடை; வெளிநாட்டாருக்கு ஒரு நியாயம், நம் பிள்ளைகளுக்கு வேறொரு நியாயம். இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இவ்வளவுக்கும் நமக்கு இந்தப் பூச்சு பெரும்பாலும் தேவையே இல்லை. தாமரை இலையில் தண்ணீர் உருண்டோடுகிறது. அங்கே மெழுகும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளமுமே வேலை செய்கின்றன. அதே இலையில் எண்ணெய் விட்டால் பரவிவிடும். தண்ணீரை மட்டும் விலக்க மெழுகு, சிலிகோன் பூச்சுகளே போதும். எண்ணெயையும் சேர்த்து விலக்கத்தான் ஃபுளோரின். ஐப்பசி மழையில் பைக்கில் போகிறவர் மேல் எண்ணெயா கொட்டப்போகிறது? தெருவோரம் விற்கும் பிளாஸ்டிக் மழைக்கோட்டுக்கு இந்தப் பூச்சு வேண்டியதில்லை. அதில் படலமே தண்ணீரைத் தடுத்துவிடும். நான் சந்தேகப்படுவது "கறை படியாது" என்று விற்கும் சீருடைத் துணி, சோபா உறை, மேசை விரிப்பு, விலை கூடிய ஜாக்கெட் ஆகியவற்றை. மேலே தெளிக்கும் ஸ்பிரே டப்பாவை மூடிய அறையில் பயன்படுத்தவே வேண்டாம். அந்தத் துளிகளை மூச்சில் இழுத்து நுரையீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். துணியின் வெளிப்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர், சற்றுத் தள்ளி ஒரு சொட்டு நல்லெண்ணெய். அரை நிமிடம் பொறுங்கள். தண்ணீர் நின்று எண்ணெய் ஊறினால் மெழுகோ சிலிகோனோ இருக்கும். எண்ணெயும் முத்தாக நின்றால் பெரும்பாலும் ஃபுளோரின். ஆய்வகத்திலும் இதே முறைதான், எண்ணெய் வகைகள் மட்டும் கூடுதல்.

சென்ற மாதம் ஒரு பள்ளி நிர்வாகி சீருடைக்காக நான்கு துணி மாதிரிகளோடு வந்தார். மூன்றில் எண்ணெய் ஊறியது. நான்காவதில் ஊறவில்லை. அதுதான் அவருக்குப் பிடித்த துணி. சாம்பார் கறை படியாது என்று பெற்றோர் விரும்புவார்களாம். தினமும் எட்டு மணி நேரம் பிள்ளையின் உடம்போடு ஒட்டியிருக்கும் துணி அது, துவைக்கத் துவைக்கப் பூச்சு தண்ணீரோடு போகும் என்றேன். அவர் விற்பனையாளரை அங்கிருந்தே தொலைபேசியில் அழைத்து, "ஃபுளோரின் இல்லை என்று எழுதித் தர முடியுமா?" என்று கேட்டார். பதில் இன்னும் வரவில்லை.

ஏற்கெனவே வீட்டில் இருப்பதைத் தூக்கி எறிய வேண்டாம். குப்பையில் போட்டால் அது வெள்ளைக்கல் குப்பைக் கிடங்குக்குப் போகும், மழையில் கசிந்து நிலத்தடி நீரில் சேரும். கிழியும்வரை உடுத்துங்கள், குறைவாகத் துவையுங்கள். தெருவில் போட்டு மட்டும் எரிக்காதீர்கள். அந்தச் சூட்டில் இது அழியாது, புகையோடு கிளம்பும்.