ரிடென்ஷன்: பிடித்து வைப்பதா, தங்க வைப்பதா?

"அண்ணா, நாளையிலிருந்து நான் நின்னுக்கறேங்க."

முதியவர்களையும் படுக்கையில் கிடப்பவர்களையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றில், சேலத்தில், டூட்டி போடுகிற வேலை எனக்கு. வேலையை விடுகிறேன் என்று சொல்லி என் போனுக்கு அதிகம் வரும் வாக்கியம் இது. இதைக் குறைக்கிறோம் என்று மென்பொருள் விற்க வருகிறவர்கள் எல்லோரும் சொல்லும் சொல் 'கேர்கிவர் ரிடென்ஷன்', அதாவது பார்த்துக்கொள்ளும் ஆட்கள் வேலையை விட்டுப் போகாமல் இருக்கச் செய்வது. எங்கள் நிறுவனத்துக்கு வந்த செயலியின் தமிழ்ப் பக்கத்தில் அதைப் 'பராமரிப்பாளர் தக்கவைப்பு' என்று போட்டிருந்தார்கள். படித்த ஒவ்வொரு முறையும் அந்தச் சொல் உறுத்தியது. ஏன் என்று தேடியதில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

ரிடென்ஷனின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'டெனேரே' என்றால் பிடித்தல். முன்னால் 'ரெ' சேர்ந்தால், போக விடாமல் பின்னால் இழுத்துப் பிடித்தல். ஆங்கிலத்துக்குள் அது முதலில் மருத்துவச் சொல்லாகத்தான் வந்தது: உடம்பை விட்டு வெளியேற வேண்டியது வெளியேறாமல் உள்ளேயே நின்றுவிடுவது. இன்றும் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'யூரின் ரிடென்ஷன்' என்று பார்க்கிறோமே, அந்தப் பொருள்தான். நம் பெரியவர்கள் அதை நீர்க்கட்டு என்றார்கள். ஒரே வேரில் பிறந்த இன்னொரு சொல் 'மெயின்டெயின்': லத்தீனில் 'மனு' கை, ஆக, கையால் பிடித்தல். விழப்போகிறவரைக் கையால் பிடிப்பதும், போகிறவரைப் பின்னால் இழுத்துப் பிடிப்பதும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். முதலாவது எங்களிடம் பராமரிப்பு வேலை பார்க்கும் அக்காமார் நாளெல்லாம் செய்வது. இரண்டாவது நிறுவனங்கள் அவர்களிடம் செய்யப் பார்ப்பது.

இதற்கு எதிர்ச்சொல்லாக, ஆட்கள் விலகிக் குறைவதைச் சொல்ல வரும் 'அட்ரிஷன்' லத்தீனில் உரசித் தேய்தல். தமிழில் 'தேய்மானம்' என்றால் அச்சாகப் பொருந்துகிறது. கணக்கு எழுதுகிறவர்கள் இயந்திரத்துக்குத்தான் அதைச் சொல்வார்கள். ஆனால் ஆறு மாதம் விடுப்பில்லாமல் இரவு டூட்டி பார்த்தவரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, அந்தச் சொல் மனிதருக்கும் பொருந்தும் என்று தெரியும்.

இனி 'தக்கவை'. 'தக்கு' என்ற வினைக்குக் கைவசமாதல், நிலைத்தல் என்று பொருள். அதன் எச்சத்தோடு 'வை' சேர்ந்து தக்கவை ஆயிற்று. நல்ல தமிழ்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அது எங்கே புழங்குகிறது? ஆட்சியைத் தக்கவைத்தார்கள், டெபாசிட்டைத் தக்கவைத்தார், ஐபிஎல் அணி இன்னின்ன வீரர்களைத் தக்கவைத்தது. கையில் இருப்பதை விடாமல் வைத்துக்கொள்கிறவரின் பக்கத்திலிருந்து பேசும் சொல் அது. வைத்துக்கொள்ளப்படுகிறவருக்கு அதில் வாய் இல்லை.

சேலம், நாமக்கல் பக்கம் விசைத்தறிக் கூடங்களில் ஆள் போகாமல் இருக்க முன்பணம் கொடுப்பது நெடுநாள் வழக்கம். அந்தக் கணக்கு தீராமல் வேறு தறிக்குப் போக முடியாது. எங்கள் தொழிலிலும் அசல் சான்றிதழை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கிறவர்கள் உண்டு. லத்தீன் வேர் சொல்வது அப்படியே இதுதான்: பின்னால் இழுத்துப் பிடித்தல். ஆள் இருப்பார், மனம் இருக்காது. பக்கவாதம் வந்து கிடக்கிற ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டிய வேலையை அப்படிப்பட்ட மனதோடு பார்த்தால் என்ன ஆகும் என்பதை, நோயாளியின் முதுகுப் புண் சொல்லிவிடும்.

நம் பேச்சுத் தமிழ் இந்த விஷயத்தில் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு 'நில்' என்ற ஒரு சொல் போதும். "செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையில வேலைக்கு நிக்கறான்" என்றால் வேலையில் இருக்கிறான். "வேலையை விட்டு நின்னுட்டான்" என்றால் போய்விட்டான். இருப்பதற்கும் போவதற்கும் ஒரே வினை. அதனால்தான் 'நிலைப்பு' என்று மொழிபெயர்க்க எனக்கு மனம் வரவில்லை. அறிக்கையில் அழகாக இருக்கும், அலுவலகத்தில் வாய்விட்டுச் சொன்னால் குழப்பும்.

'தங்கு' அப்படிக் குழப்பாது. வயிற்றில் சோறு தங்கவில்லை, கரு தங்கியது, அத்தை வீட்டில் நாலு நாள் தங்கினோம். எங்கள் தொழிலிலேயே இருபத்துநாலு மணி நேர வேலைக்குத் 'தங்கிப் பார்க்கிற டூட்டி' என்றுதான் பெயர். தங்குகிறவர்தான் எழுவாய், அவருக்குப் பிடித்தால்தான் தங்குவார். எனவே ரிடென்ஷனுக்கு நான் எழுதுவது 'பணித்தங்கல்'. எண்ணிக்கையாக வேண்டுமென்றால் 'தங்கல் விகிதம்'. நிறுவனம் அதற்காகச் செய்யும் காரியத்துக்கு வள்ளுவர் ஏற்கெனவே வழி காட்டியிருக்கிறார். 443ஆம் குறளில் 'பெரியாரைப் பேணித் தமராக் கொளல்' என்கிறார். பேணுவது முதலில், தம்மவராக்குவது பிறகு. அங்கே பேசப்படுவது அறிவில் பெரியவர்களைத் துணையாகக் கொள்வது என்றாலும், வரிசை நமக்கும் பொருந்தும். அதனால் 'பேணித் தங்கவைத்தல்'. கேர்கிவருக்கும் 'பேணுநர்' என்று சொல்லலாம். பராமரிப்பு வடமொழி வழி வந்தது, பழகிவிட்டது, அதை விரட்ட வேண்டியதில்லை.

மென்பொருள் இதில் என்ன செய்ய முடியும்? முதலில் அது செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். ஏற்காட்டுக்கு மேலே ஒரு கிராமத்திலிருந்து வரும் அக்காவுக்குச் சேலத்தில் பகல் டூட்டி. செயலி தூரத்தைக் கணக்கிட்டு 'அருகில்' என்று பச்சை நிறம் காட்டியது. அது எடுத்துக்கொண்டது வரைபடத்தின் நேர்க்கோட்டை. சேர்வராயன் மலையில் நேர்க்கோடு ஏது? அடிவாரம் வரை இருபது கொண்டை ஊசி வளைவு, அது போதாதென்று பேருந்துக்குக் காத்திருப்பு. மூன்றாம் வாரம் அவரிடமிருந்து அந்த போன் வந்தது. நான் பச்சை நிறத்தை நம்பினேன், அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தூரம் என்ற கட்டத்தில் இப்போது கிலோமீட்டர் இல்லை. வீட்டிலிருந்து வீட்டுக்கு எத்தனை நிமிடம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஆளையே கேட்டு நிரப்புகிறோம்.

சரியாகப் பயன்படுத்தினால் நன்மை உண்டு. அடுத்த வார டூட்டியை முன்கூட்டியே போனில் அனுப்பலாம். உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் பதிவானால், ரிலீவர், அதாவது அடுத்து டூட்டி மாற்ற வேண்டியவர், வராமல் கூடுதலாக இருந்த இரண்டு மணி நேரத்துக்கும் சம்பளத்தில் கணக்கு வரும். தாத்தாவுக்குக் காபி வெதுவெதுப்பாக வேண்டும், இடது தோளைத் தொட்டால் வலிக்கும் என்று ஒருவர் எழுதி வைத்தால், மாற்றாள் முதல் நாளே திட்டு வாங்க மாட்டார். பலர் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே போய்விடுகிறார்கள். அந்த நாட்களில் வாரம் ஒருமுறை கூப்பிடச் சொல்லி எனக்கு நினைவூட்டுவதும் செயலிதான். கூப்பிட வேண்டியது மட்டும் நான்.

அதே பதிவு கண்காணிப்பாகவும் மாறும். அமெரிக்காவில் 2016இல் வந்த ஒரு சட்டம், அரசு மருத்துவ உதவித் திட்டத்தின் கீழ் நடக்கும் வீட்டுப் பராமரிப்புக்கு மின்னணு வருகைப் பதிவைக் கட்டாயமாக்கியது. யார், யாருக்கு, என்ன சேவை, எந்த நாள், எந்த இடம், எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று ஆறு விவரம். இருப்பிடத்தைப் பின்தொடர்வது தங்களை வேவு பார்ப்பதாகும் என்று அங்கே மாற்றுத்திறனாளிகளே எதிர்த்தார்கள். இடம் காட்டும் வசதியை டூட்டி நேரத்துக்கு வெளியே அணைத்துவிடுங்கள் என்பது என் பிடிவாதம்.

செயலியில் 'தக்கவைப்பு' என்றிருந்த தலைப்பை 'தங்கல்' என்று மாற்றச் சொல்லி, மாற்றியும் விட்டார்கள். போகிறவரிடம் மட்டும் காரணம் கேட்டுக்கொண்டிருந்த இடத்தில், இருக்கிறவரிடம் கேட்க ஒரு வரி சேர்த்தோம்: ஏன் தங்கினீர்கள்? மலையிலிருந்து வரும் அந்த அக்கா இப்போது அடிவாரத்தில் ஒரு வீட்டில் பகல் மட்டும் பார்க்கிறார். அவர் எழுதியிருந்தது: "வெள்ளிக்கிழமையே அடுத்த வார டூட்டி தெரிஞ்சுடுதுங்க. பொழுதோட பஸ் ஏறிடறேன்."